பாடப்புத்தகத்தில் இல்லாத குழாய்

உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படித்தவர்கள் பரிவுக் குழாயை மறந்திருக்கமாட்டார்கள். உயரமான பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு குழாய், அதன் வாயருகே அதிரும் இசைக்கவை. குறித்த ஒரு நீளம் வந்ததும் குழாய் சட்டென்று உரத்து ஒலிக்கும். அந்த நீளத்தை அளந்து ஒலியின் கதியைக் கணிக்கவேண்டும். அதோடு சேர்த்து இரண்டு விதிகளையும் பாடமாக்கியிருப்போம். இரு முனையும் திறந்த குழாய் அடிப்படை மீடிறனின், அதாவது விநாடிக்கு நிகழும் அதிர்வு எண்ணிக்கையின், 1, 2, 3, 4 என்று எல்லா மடங்குகளையும் தரும். ஒரு முனை மூடிய குழாய் 1, 3, 5 என்று ஒற்றை மடங்குகளை மட்டும் தரும். பரீட்சைக்கு இது போதும்.

இந்த இரண்டு விதிகளையும் வைத்துக்கொண்டு நல்லூர் வெளிவீதியில் நாதஸ்வரத்தைக் கேட்டால் கணக்குப் பிழைக்கும். குழலின் மேல்முனை சீவாளி என்ற ஊதுதட்டையாலும் வாசிப்பவரின் வாயாலும் அடைபட்டிருக்கிறது. கீழ்முனை, அணசு என்ற விரிந்த வாயில், திறந்திருக்கிறது. அப்படியென்றால் அது ஒரு முனை மூடிய குழாய். இரண்டாம் மடங்கு அதில் வரக்கூடாது. ஆனால் வாசிப்பவர் விரல்களை அசைக்காமல் உதட்டை இறுக்கி, மூச்சைச் சற்றுக் கூட்டினால் சுரம் நேரே மேல் ஸ்தாயிக்குப் போய் நிற்கிறது. மீடிறன் சரியாக இரண்டு மடங்கு. புத்தகம் இல்லை என்று சொன்ன அதே மடங்கு.

மேலைத்தேய வாத்தியக்குழுவில் இருக்கும் ஓபோவும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. கிளாரினெட் மட்டும் பாடப்புத்தகத்துக்குப் பணிந்து போகிறது. ஏன் இந்த வேறுபாடு என்று பார்க்கப்போனால், துளைக்கருவிகள் ஒலி எழுப்பும் முழுக் கதையையும் அவிழ்க்க வேண்டியிருக்கிறது. பரீட்சை வினாத்தாள்கள் இந்தப் பக்கம் வராதது ஒருவகையில் மாணவர்களுக்கு நல்லதுதான். ஆனால் வீட்டு வாசலில், கோயில் வீதியில், கலியாணப் பந்தலில் நாம் கேட்டு வளர்ந்த கருவி அந்த இரண்டு குழாய்களிலும் அடங்காத மூன்றாவது வகை என்பதைச் சொல்லித்தராமல் விடுவது எனக்குக் கொஞ்சம் நெருடலாகவே இருக்கிறது.

முதலில் சீவாளி. நாதஸ்வரம் நான்கு பாகங்களாகக் கழன்று வரும். நீண்ட மரக்குழல் உலவு. அதன் அடியில் விரிந்த வாய் அணசு. மேலே செருகும் சிறிய உலோகக் குழாய் கெண்டை. கெண்டையின் தலையில் சீவாளி. உலவை மட்டும் எடுத்து ஊதினால் வெறும் காற்றுத்தான் போகும். சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதினால் காதைக் கிழிக்கும் கீச்சு ஒன்று வரும். கச்சேரிக்கு முன்பு மேளகாரர் அதை எச்சிலில் ஊறவைத்தபடி அவ்வப்போது இப்படிக் கீச்சிட்டுப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஓபோவிலும் இதே ஏற்பாடுதான். நாணல் தட்டைகள் இரண்டை மெல்லியதாகச் சீவி, முகத்துக்கு முகம் வைத்து, சிறிய உலோகக் குழாய் ஒன்றில் நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அளவில்தான் வித்தியாசம். ஓபோவின் தட்டை ஒடுங்கியது, சீவாளி விசிறிபோல அகன்றது. ஓபோவுக்குரிய நாணலுக்குப் பிரான்சின் தென்கரைப் பகுதி பேர்போனது. நம் சீவாளிக்குத் திருவாவடுதுறை பேர்போனது, நாதஸ்வரத்துக்கு நரசிங்கம்பேட்டை. இரண்டும் காவிரிக்கரைச் சீமையில் ஒன்றுக்கொன்று கிட்டவே இருக்கின்றன.

இரண்டு தட்டைகளுக்கும் நடுவே மெல்லிய பிளவு ஒன்று உண்டு. அது ஒரு வால்வு. வாயில் அமுக்கம் கூடினால் காற்று அந்தப் பிளவால் வேகமாக உள்ளே போகவேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். தொடக்கத்தில் அப்படித்தான் நடக்கும். ஆனால் அதே அமுக்கம் தட்டைகளை வெளியிலிருந்து நெருக்கிப் பிளவை ஒடுக்கவும் செய்கிறது. தட்டைகளை முழுதாக மூடிவிடுவதற்கு வேண்டிய அமுக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதும் நிலைமை தலைகீழாகும். அதற்குப் பிறகு வாய்க்கும் குழலுக்கும் இடையிலான அமுக்க வேறுபாடு கூடக்கூட, உள்ளே போகும் காற்று குறையும். ஒலி பிறப்பது இந்த விசித்திரமான பகுதியில்தான். புதிதாக ஊதிப் பழகுபவருக்கு வெறும் காற்று மட்டும் வந்துகொண்டிருந்து, பிறகு திடீரென்று சத்தம் வெடித்து வருவதற்குக் காரணமும் இதுதான். எல்லைக்குக் கீழே எவ்வளவு நேரம் ஊதினாலும் பயனில்லை.

எல்லையைத் தாண்டிய நிலையில் குழலுக்குள் அமுக்கம் ஒரு கணம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாய்க்கும் குழலுக்கும் இடையிலான வேறுபாடு குறைகிறது. தட்டைகள் சற்று விரிகின்றன. காற்று கூடுதலாக உள்ளே வருகிறது. ஏற்கெனவே கூடியிருந்த அமுக்கம் இன்னும் கூடுகிறது. மறுகணம் உள்ளே அமுக்கம் குறைந்தால் தட்டைகள் நெருங்கிக் காற்றை நிறுத்துகின்றன. குறைந்தது இன்னும் குறைகிறது. ஊஞ்சல் நம் பக்கம் வந்து திரும்புகிற நேரம் பார்த்துத் தள்ளுவதைப்போல, குழலுக்குள் ஓடித் திரும்பும் அலைக்குச் சரியான நேரத்தில் காற்றுத் துடிப்பு ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்கிறது. மூச்சு சீராகத்தான் போகிறது. அதை நொடிக்கு நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டுவது சீவாளி. எப்போது வெட்டவேண்டும் என்று அதற்குச் சொல்வது குழலுக்குள் இருக்கும் காற்று நிரல். சீவாளி தனியே கீச்சிடும்போது இருக்கும் மீடிறன் மிக உயர்ந்தது. குழலில் செருகியதும் அது தன் இயல்பை விட்டுக் குழலின் சொல்லைக் கேட்கத் தொடங்குகிறது.

சரி, குழல் என்ன சொல்கிறது? இங்கேதான் நம் மூன்றாவது குழாய் வருகிறது.

பரிவுக் குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டமுடைய உருளை. கிளாரினெட்டின் உட்துளையும் பெரும்பகுதி உருளைதான். நாதஸ்வரத்தின் உட்துளை அப்படியல்ல. மேலே விரல் நுழையாத ஒடுக்கம். கீழே போகப்போக ஒரே சீராக அகலும். ஓபோவில் இது மேல்முனையில் ஏறத்தாழ 4 மில்லிமீற்றரில் தொடங்கி, கீழ்ப்பகுதியில் அதைப்போல நான்கு மடங்கு வரை போகிறது. கணிதப்படி இது நுனி வெட்டிய கூம்பு. இந்த ஒரு வித்தியாசம்தான் ஸ்தாயிக் கணக்கை மாற்றிவிடுகிறது.

உருளைக்குள் ஓடும் அலையின் வீச்சம் போகும் வழியில் மாறுவதில்லை. கூம்புக்குள் அலை விரிந்துகொண்டே போகிறது. ஆகவே நுனியிலிருந்து தூரம் கூடும் அளவுக்கு அமுக்கத்தின் வீச்சம் குறைகிறது. இப்போது அமுக்கத்தை நுனியிலிருந்தான தூரத்தால் பெருக்கி ஒரு புதிய கணியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணியம் சாதாரண நேர்க்குழாயில் ஓடும் அலைபோலவே நடக்கிறது. விரிவினால் வரும் சிக்கல் அதில் இல்லை. அது முனைகளில் என்னவாகும்? திறந்த முனையில் அமுக்க மாற்றம் பூச்சியம், ஆகவே கணியமும் பூச்சியம். மூடிய நுனியிலோ அமுக்கம் எவ்வளவு இருந்தாலும் தூரம் பூச்சியம். ஆகவே அங்கேயும் கணியம் பூச்சியம். இரு முனையிலும் பூச்சியம் என்பது இரு முனையும் திறந்த குழாயின் நிபந்தனை. ஆகவே எல்லா மடங்குகளும் வருகின்றன. வாயால் அடைத்துப் பிடித்த கருவி திறந்த குழாய்போல ஒலிக்கும் மர்மம் இவ்வளவுதான். இந்த நான்கு வரிக் கணக்கு உயர்தர மாணவருக்குக் கடினமானதே அல்ல.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நம்மூர் வெப்பத்தில் ஒலியின் கதியை விநாடிக்கு 350 மீற்றர் என்று எடுத்துக்கொள்வோம். 60 சென்ரிமீற்றர் நீளமான, ஒரு முனை மூடிய உருளை தரும் மீடிறன்கள் ஏறத்தாழ 146, 438, 729 ஹேர்ட்ஸ். அதே நீளமுள்ள முழுக் கூம்பு தருபவை 292, 583, 875 ஹேர்ட்ஸ். உருளை ஒரு ஸ்தாயி கீழே தொடங்குகிறது. ஆனால் அடுத்த படிக்கு மூன்று மடங்கு தாவுகிறது. உண்மையான கருவிகளில் இதைக் காணலாம். மேலைத்தேயப் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட் மூன்றும் நீளத்தில் கிட்டத்தட்ட ஒன்றே; எல்லாம் 65 சென்ரிமீற்றருக்கு அண்மித்தவை. புல்லாங்குழலின் மிகத் தாழ்ந்த சுரம் வழக்கமாக 262 ஹேர்ட்ஸ், ஓபோவினுடையது 233. கிளாரினெட் மட்டும் 147 ஹேர்ட்ஸ் வரை இறங்குகிறது. அதே நீளத்துக்குள் அவ்வளவு கனத்த குரல்.

மூன்று மடங்கு என்பதைச் சங்கீதக்காரர் மொழியில் சொன்னால், ஷட்ஜத்தில் நின்று அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குப் போவது. கூம்பில் அதே அழுத்தம் மேல் ஷட்ஜத்துக்குக் கொண்டுபோகும். நாதஸ்வரத்தில் விரல் வைக்க ஏழு துளைகள் போதுமாக இருப்பதன் இரகசியம் இதில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு ஸ்தாயியை ஏழு துளைகளால் நிரப்பிவிட்டால் அடுத்த ஸ்தாயிக்கு அதே விரலமைப்பு மீண்டும் உதவும். கிளாரினெட் செய்பவருக்கு அந்த வசதி கிடையாது. அடிச் சுரத்திலிருந்து மேல் பஞ்சமம் வரையுள்ள நீண்ட இடைவெளியை நிரப்பவேண்டும். ஒன்பது விரல்களுக்கு அது எட்டாத காரியம். ஆகவே துளைகளுக்கு மேல் துளைகள், அவற்றை மூட உலோகச் சாவிகள். இவ்வளவு சிக்கலான கருவியில் கமகம் இழைத்துக் கர்நாடக இசையை வாசித்துக் காட்டிய ஏ.கே.சி. நடராஜனின் சாதனை என்னவென்று விளங்க, இந்தப் பௌதிகம் கொஞ்சம் தெரிந்திருப்பது உதவும்.

ஸ்தாயிக் கணக்கைத் தீர்மானிப்பது இரட்டைத் தட்டையா கூம்பா என்ற சந்தேகம் சிலருக்கு வரலாம். அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பிரான்சில் காப்புரிமம் பெற்ற சாக்ஸபோன் அதற்குப் பதில் சொல்கிறது. அதில் கிளாரினெட்டைப்போல ஒற்றைத் தட்டைதான் உண்டு. ஆனால் உடல் கூம்பு. அழுத்தி ஊதினால் ஸ்தாயிக்குத்தான் போகிறது. எதிர்ப்பக்கம் பார்த்தால், ஆர்மேனியரின் டுடுக்கில் அகன்ற இரட்டைத் தட்டை உண்டு, உடலோ உருளை. ஆகவே கையடக்கமான கருவியிலிருந்து அவ்வளவு தாழ்ந்த, கனத்த குரல் வருகிறது. தட்டை ஒன்றா இரண்டா என்பதை விட உட்துளை எந்த வடிவம் என்பதே பெரிய கேள்வி. சாக்ஸபோன் பித்தளையில் செய்யப்பட்டாலும் மரத் துளைக்கருவிகளோடு சேர்த்து எண்ணப்படுவதும் அது ஒலிக்கும் முறையால்தான்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இந்த ஆராய்ச்சியைப் பள்ளிக்கூடம் போகும் முன்பே செய்து முடித்துவிடுகிறார்கள். பூவரசம் இலையைச் சுருட்டி ஒரு முனையைப் பல்லால் நசுக்கினால் பீப்பீ. நசுக்கிய முனையின் இரு மடிப்புகளும் சீவாளி. சுருள் சற்றே விரிந்து போவதால் அது கூம்பு. தென்னோலையை வளைத்து வளைத்துச் சுற்றி நீளமாக்கிச் செய்யும் பீப்பீ இன்னும் தெளிவான கூம்பு. அதைச் சின்ன நாதஸ்வரம் என்றே சொல்லிவிடலாம். பப்பாசி இலைத் தண்டு வேறு சாதி. இலைப்பக்கத்துக் கணு அடைத்திருக்க, அதற்குக் கிட்ட நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு அந்தப் பகுதியை வாய்க்குள் வைத்து ஊதினால் கீறலின் உதடுகள் தட்டைபோல அதிரும். தண்டு பெரும்பாலும் ஒரே அகலமான உருளை. ஒரு முனை மூடியது. அதனால்தான் பப்பாசிக் குழல் தன் நீளத்துக்கு மீறிய அடித்தொண்டையில் எருமை மாதிரிக் கத்துகிறது. அந்தப் பால் உதட்டில் பட்டால் எரியும் என்று அம்மாமார் பேசுவது நியாயம்தான், ஆனால் பரிசோதனை என்று வந்தால் இதைவிடத் தெளிவான ஒன்றைப் பள்ளி ஆய்வுகூடத்தில் நான் கண்டதில்லை.

இனி வெட்டுப்பட்ட நுனி. முழுக் கூம்பு என்றால் நுனி ஒரு புள்ளியில் முடியவேண்டும். அதற்குள் எவரும் ஊத முடியாது. ஆகவே நுனியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் கெண்டையையும் சீவாளியையும் வைக்கிறோம். குழலுக்கு வெட்டுப்பட்டது தெரியாமல் இருக்கவேண்டுமானால், அவை இரண்டுக்குள்ளும் அடங்கும் காற்றின் கனவளவு வெட்டிய நுனியின் கனவளவுக்கு ஒத்திருக்கவேண்டும். தட்டைகள் ஓரளவு வளைந்து கொடுப்பதும் இந்தக் கணக்கில் சேரும். கனவளவு கூடிவிட்டால் மேல் ஸ்தாயி இறங்கி நிற்கும். குறைந்துவிட்டால் ஏறி நிற்கும். கீழே சுருதி சேர்ந்து, மேலே போனதும் விலகுகிற குழலைப் பார்த்து மேளகாரர் சீவாளியை மாற்றுவதும், கெண்டையில் இன்னும் சற்று இறக்கிச் செருகுவதும், மெல்லிய குச்சியால் அதன் வாயை நீவிச் சரிசெய்வதும் இதற்காகவே. அவர் கனவளவு என்று சொல்லமாட்டார். காது சொல்கிறதைக் கை செய்கிறது. குழலின் கழுத்தில் இரண்டு மூன்று சீவாளிகள் தொங்குவது அலங்காரத்துக்கென்று நினைத்திருந்தால் அது பிழை.

புல்லாங்குழலைப் பற்றி இங்கே சுருக்கமாகத்தான் சொல்லப்போகிறேன். அதில் தட்டையே கிடையாது. உதட்டிலிருந்து போகும் மெல்லிய காற்றுத் தாரை துளையின் எதிர் விளிம்பில் மோதுகிறது. குழலுக்குள் ஆடும் காற்று அந்தத் தாரையை ஒரு கணம் உள்ளே, மறுகணம் வெளியே என்று தள்ளுகிறது. ஊதுதுளை வெளிக்காற்றுக்குத் திறந்திருப்பதால் அது புத்தகம் சொல்லும் இரு முனை திறந்த குழாய். வேண்டிய அமுக்கம் குறைவு, செலவாகும் காற்று அதிகம்.

நாதஸ்வரமும் ஓபோவும் அப்படியே எதிர்மாறு. ஓபோ ஊத, ஏறக்குறைய 40 சென்ரிமீற்றரிலிருந்து ஒரு மீற்றர் வரையான நீர் நிரலுக்குச் சமமான அமுக்கம் வேண்டும். ஆனால் பிளவு மிக ஒடுங்கியதால் வெளியேறும் காற்று கொஞ்சம்தான். ஓபோக்காரருக்குக் காற்றுப் போதாமல் மூச்சு முட்டுவதில்லை. உள்ளே தேங்கிய, ஒட்சிசன் தீர்ந்த காற்றை வெளியே விட வழியில்லாமல்தான் முட்டுகிறது. ஆகவே இடைவெளி கிடைத்ததும் முதலில் மூச்சை விட்டு, பிறகுதான் இழுக்கிறார்கள். நாதஸ்வரத்துக்கு இதைவிட அகன்ற சீவாளி, கூடுதல் காற்று. திருவிழாவில் சுவாமி வீதி சுற்றி வரும்வரை நின்றும் நடந்தும் வாசிக்கவேண்டும். கன்னத்தில் காற்றைச் சேமித்து அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சிழுக்கும் பழக்கம் இங்கே கைகொடுக்கும். இரட்டைக் குழலாக வாசிப்பதும் மூச்சைப் பங்கிட உதவுகிறது. ஒருவர் விடும் இடத்தை மற்றவர் பிடித்துக்கொள்வார். நம் ஊரில் தவிலின் புகழ் நாதஸ்வரத்தை எப்போதும் சற்று மறைத்தே வந்திருக்கிறது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பெயர் தமிழ்நாட்டிலும் ஒலித்த அளவுக்கு அளவெட்டி என்.கே. பத்மநாதனின் பெயரும் சாவகச்சேரி கே.எம். பஞ்சாபிகேசனின் பெயரும் அங்கே ஒலிக்கவில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு. தவில் அடிப்பது தோளுக்கும் கைக்கும் வேலை, நாதஸ்வரம் நெஞ்சுக்கூட்டுக்கு.

ஏன் அவ்வளவு உரத்த சத்தம்? ஒரு காரணம் சீவாளி அடிக்கும் விதம். பலமாக ஊதும்போது ஒவ்வொரு அதிர்விலும் தட்டைகள் முழுதாக மூடிக்கொள்கின்றன. காற்று மெல்ல ஏறி இறங்காமல் வெட்டிவெட்டிப் போகிறது. அப்படி வெட்டுப்பட்ட துடிப்பில் உயர்ந்த மடங்குகள் நிறைய இருக்கும். நம் காதோ 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில்தான் மிகக் கூர்மையாகக் கேட்கிறது. சுரம் 300 ஹேர்ட்ஸ் என்றாலும், அதன் ஏழாம், எட்டாம், பத்தாம் மடங்குகள் போய் அந்தக் கூர்மையான இடத்தில் விழுகின்றன. கோயில் மணி, சனத்தின் இரைச்சல், தவில் எல்லாவற்றையும் தாண்டி இரண்டு வீதி தள்ளியும் கேட்பதற்கு இந்த மடங்குகள் பெரிய காரணம்.

அந்த ஒலி எங்கிருந்து வெளியே வருகிறது என்பதிலும் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. அணசிலிருந்து என்று நினைத்து ஒலிபெருக்கிக்காரர் மைக்கைக் கொண்டுபோய் அதன் முன்னால் நட்டுவிடுவார். குழலுக்குள் ஓடும் அலை முதலாவது திறந்த துளையைக் கண்டதும் பெரும்பாலும் அங்கேயே திரும்பிவிடுகிறது. துளை திறப்பதால் குழல் நீளம் குறைந்து சுரம் ஏறுவது இதனால்தான். வெளியேறும் ஒலியும் அந்தத் துளையாலும் அடுத்தடுத்த துளைகளாலுமே வெளியேறுகிறது. மிக உயர்ந்த மடங்குகள் மட்டும் திறந்த துளைகளைச் சட்டை செய்யாமல் நேரே கீழே ஓடி அணசால் வெளியே வரும். ஓபோவில் இந்த எல்லை ஏறத்தாழ 1,500 ஹேர்ட்ஸ். ஆகவே அணசுக்கு நேரே வைத்த மைக் கூரான கீச்சை வாங்கிக்கொண்டு, சுரத்தின் உடலை விட்டுவிடுகிறது. விரல்கள் இருக்கும் பக்கம் ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். விரல் துளைகளுக்குக் கீழே, விரலே படாத துளைகள் சில இருப்பதும் வீணுக்கல்ல. எல்லா விரல்களையும் மூடினாலும் ஒலி வெளியேற அவை வழி தருகின்றன. வேண்டுமானால் மெழுகால் அடைத்துச் சுருதியைத் திருத்திக்கொள்ளலாம்.

மரத்தைப் பற்றிக் கேட்டால் சண்டை வரும். நல்ல நாதஸ்வரம் பழைய வீடுகளிலிருந்து எடுத்த வயதான ஆச்சா மரத்தில்தான் வரும் என்பது பொதுவான நம்பிக்கை. ஓபோவுக்கு ஆபிரிக்கக் கருமரம். மரம்தான் நாதம் தருகிறது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. வீணையிலும் வயலினிலும் மரப்பலகை அதிர்ந்து ஒலியைக் காற்றுக்குக் கொடுக்கிறது. துளைக்கருவியில் அதிர்வது காற்று. தடித்த சுவர் அசைவது மிகமிகக் குறைவு. ஜோன் கோல்ட்மன் 1971இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே உள்ளளவோடு வேறு வேறு பொருள்களில் புல்லாங்குழல்களைச் செய்து திரைக்குப் பின்னால் ஊதவைத்தார். கேட்டவர்களால் எது எதுவென்று பிரித்தறிய முடியவில்லை. வாசித்தவர்களாலும் முடியவில்லை. கும்பகோணத்தில் கும்பேசுவரர் கோயிலில் கல்லால் செய்த நாதஸ்வரமே இருக்கிறது. கல்லும் பாடும், உட்துளை சரியாக இருந்தால்.

அதற்காக ஆச்சாரி மரத்தைத் தேடி அலைவது வீண்வேலை என்று சொல்லமாட்டேன். உட்துளையின் கூம்பு மயிரிழை பிசகினாலும் சுரங்கள் சேராது. ஊதும் ஒவ்வொரு முறையும் ஈரமும் சூடும் உள்ளே போகின்றன. ஈரத்துக்கு ஊதிப் பருத்து, வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும் மரத்தில் அந்தக் கூம்பு எத்தனை நாள் நிற்கும்? உள்சுவர் வழவழப்பாக இருப்பதும், துளை விளிம்புகள் சிதையாமல் இருப்பதும் முக்கியம். கெட்டியான, எண்ணெய் ஏறிய, வயதான மரம் கடைந்த வடிவத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறது. அதுவே பெரிய உதவி.

ஓபோவையும் நாதஸ்வரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே இயந்திரம் இரண்டு விதமாக வளர்ந்திருப்பது தெரியும். ஐரோப்பாவில் இதற்கு முந்திய கருவி ஷாம். அகன்ற கூம்பு, உரத்த குரல், வீதிக்கும் ஊர்வலத்துக்கும் உரியது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சின் அரச அவையைச் சுற்றியிருந்த கருவி செய்பவர்கள் அதன் துளையை ஒடுக்கி, உடலை மூன்று துண்டாக்கி, மண்டபத்துக்குள் வயலினோடு சேர்ந்து வாசிக்கக்கூடிய ஓபோவாக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் திரிபேர் குடும்பத்தார் போன்றோர் சாவிகளைக் கூட்டினார்கள். பன்னிரண்டு சுரத்தானங்களும் பொத்தான் அழுத்தினால் அதனதன் இடத்தில் வந்து நிற்கும்படி ஆயிற்று. மேல் ஸ்தாயிக்குப் போகக்கூட உதட்டை மட்டும் நம்பத் தேவையில்லை. சிறிய ஊசித்துளை ஒன்றைத் திறந்தால் அடிப்படை மீடிறன் குலைந்து அடுத்த மடங்கு நிலைத்துவிடும். மேலைத்தேய வாத்தியக்குழுவில் கச்சேரி தொடங்குமுன் மற்ற வாத்தியங்கள் ஓபோ தரும், வழக்கமாக 440 ஹேர்ட்ஸ் அளவிலான சுரத்துக்குச் சேர்ந்துகொள்வதற்கு இந்தப் பிடிமானமும் ஒரு காரணம்.

நாதஸ்வரம் அந்த வழியில் போகவில்லை. துளைகள் பெரியவை, சாவிகள் இல்லை. துளையைப் பாதி மூடலாம், கால் மூடலாம், விரலை வழித்துக்கொண்டே திறக்கலாம். உதட்டின் இறுக்கம் மாறினால் சீவாளியின் பிளவும் கனவளவும் மாறி, சுரம் வழுக்கி ஏறும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைந்து அசைந்து வருவதற்கு இந்த நெகிழ்ச்சி வேண்டும். ஒவ்வொரு சுரத்தையும் இடத்தில் நிறுத்தும் பொறுப்பு முழுக்க வாசிப்பவரின் தலையில் விழுவதும் இதனால்தான். முன்பு குட்டையான, உயர்ந்த சுருதியுடைய திமிரி நாதஸ்வரமே வழக்கம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் செல்வாக்கால் நீண்ட பாரி நாதஸ்வரம் பரவியது. குழல் நீண்டால் சுருதி இறங்கும், துளைகளும் ஒன்றுக்கொன்று விலகும். ஆகவே அரைத்துளை, கால்துளை என்று விரலால் நுணுக்கம் காட்ட இடம் கூடியது. விரலை நீட்டிப் பிடிக்கும் சிரமமும் கூடியது.

தெற்கே பௌத்த விகாரைகளில் ஒலிக்கும் ஹொரணேவவும் இதே குடும்பம்தான். சின்ன உடல், கூம்புத் துளை, வாயில் அதிரும் தட்டை. மேளத்தோடு சேர்ந்து ஊர்வலத்தில் வருவதும் அப்படியே. இரு பக்கத்தாரும் இதை அதிகம் பேசிக்கொள்வதில்லை.

வெப்பத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். காற்று சூடானால் ஒலியின் கதி கூடும். குழலின் நீளம் மாறாததால் மீடிறன் ஏறும். 20 பாகையில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீற்றர், 32 பாகையில் ஏறத்தாழ 351. இரண்டுக்கும் இடையில் சுருதி அரைச்சுரத்தின் மூன்றில் ஒரு பங்களவுக்கு உயரும். குழலுக்குள் இருப்பது பெரும்பாலும் வாசிப்பவரின் சூடான மூச்சு என்பதால் உண்மையில் இந்த ஏற்றம் இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்; ஆனாலும் காதுக்குத் தெரியும். முன்பு ஒத்து என்ற இன்னொரு குழல்தான் சுருதி கொடுத்தது. அதுவும் அதே வெயிலில் அதே மூச்சில் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். இப்போது அந்த இடத்தில் மின்சாரச் சுருதிப்பெட்டி. தேர்த்திருவிழா வெயிலென்றாலும் மார்கழித் திருவெம்பாவைக் குளிரென்றாலும் அது ஒரே மீடிறனில் நிற்கும். அதற்கு ஏற்றபடி காலையில் ஒரு சீவாளி, மத்தியானத்தில் இன்னொன்று என்று மாற்றிக்கொள்வது வாசிப்பவரின் வேலை.